பாங் யோங்தேக் கை வைக்காமல் இருந்த குளிர்காலம்

பாங் யோங்தேக்கின் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உட்கார்ந்தால் மேசையைத் துடைப்பார், நின்றால் கதவுப் பிடியைத் துடைப்பார். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் கழுத்தை உற்றுப் பார்ப்பார். அவருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது, பார்க்கப்படுகிறவருக்குத்தான் சங்கடம். ஆனால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு வெந்நீர்க் குளியல்கூடத்தில், ஆண்கள் பக்கத்தில், இருபது வருஷத்துக்கு மேல் அழுக்குத் தேய்த்த மனுஷன். தொட்டியில் ஊறி வந்தவர்களைப் பலகையில் படுக்க வைத்து, கையில் சொரசொரத் துண்டை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை அழுக்கை உருட்டி எடுப்பார். தோளில் ரெண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும் என்று அர்த்தம். மீன்பிடிப் படகுக்காரர்கள், வங்கி மேலாளர்கள், ஒரு தடவை ஒரு நீதிபதிகூட, அந்த ரெண்டு தட்டுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கொள்ளைநோய்க் காலத்தில் கூடம் மூடியது. மூடினது மூடினதுதான், பிறகு திறக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது காப்பிக் கடை இருக்கிறது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அந்த மாதங்களில் மின்சாரச் சோற்றுப் பானையின் உள்ளே இருந்த கருப்புப் பூச்சை யோங்தேக் முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு அடிப்பிடிக்காத நாள் கிடையாது.

"இது பாத்திரங்க. மீன்காரன் முதுகு இல்ல," என்றாள் மனைவி ஓக்ரே.

"கறுப்பா இருந்துச்சு."

"கறுப்பாத்தான் செஞ்சு விக்கிறான்."

ஓக்ரேயின் சொந்த ஊர் சொரேதோ. மொக்போவிலிருந்து கப்பலில் போகிற ஒரு சின்னத் தீவு. அங்கே அணைக்குட்டைக்குக் கீழே புதிதாகக் கட்டிய தண்ணீர் நிலையத்துக்கு ஒரு ஆள் தேவை என்று அவளுடைய அண்ணன் சொல்லி அனுப்பினார். புருஷனை இப்படியே விட்டால் சுவரில் இருக்கிற சுண்ணாம்பும் மிஞ்சாது என்று பயந்து, ஓக்ரே உடனே மூட்டை கட்டினாள். அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. மொக்போவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஊரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டு, உப்பில் ஊறவைத்து, அலசி, பெட்டி பெட்டியாக நகரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. அடுக்குமாடிக் குடித்தனக்காரர்களுக்குக் கோஸை உப்பில் ஊறப்போட இடம் ஏது. ஊறவைத்து அலசிக் கொடுத்தால் வாங்கி, மசாலா தடவி, கிம்ச்சி என்கிற ஊறுகாய் போட்டுக்கொள்வார்கள்.

தண்ணீர் நிலையம் என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்றுதான் யோங்தேக் நினைத்துப் போனார். உள்ளே போனதும் மனம் மாறிவிட்டது. ஆள் உயரத்துக்கு வெள்ளை உருளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சேமியாவைக் கட்டுக்கட்டாக வைத்தது போல ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். அந்தக் குழல்களின் சவ்வுக்குள் புகுந்து வரும்போது குட்டைத் தண்ணீரின் சேறும் பாசியும் கிருமியும் வெளியே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே வரும். தங்கின அழுக்கு சவ்வின் மேல் படியப் படிய, தண்ணீரைத் தள்ளுவதற்குப் பம்புக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அதனால் முக்கால் மணிக்கு ஒரு தடவை இயந்திரம் தானாகவே வேலையை நிறுத்தி, தான் வடித்துவைத்த சுத்தமான தண்ணீரையே உள்ளிருந்து வெளியே திருப்பி அடித்து, காற்றை ஊதிக் குலுக்கி, அழுக்கை வாய்க்காலில் தள்ளிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறல். வருஷத்துக்கு ரெண்டு தடவை பெரிய ஊறல்.

"அப்ப இது குளியல்கூடம்தான்," என்றார் யோங்தேக்.

இயந்திரத்தை ஓட்டிக்காட்ட வந்திருந்த பொறியாளர் பியோ கயோங் சிரித்தாள். குவாங்ஜு நகரத்திலிருந்து கோடைக்காலத்தில் வந்தவள். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. "அப்படியே வச்சுக்கங்க ஐயா. ஆனா ஊறவைக்கிறதும் கழுவுறதும் மெஷினே பாத்துக்கும். நீங்க பாத்தா போதும். அளவையெல்லாம் மாத்தாதீங்க."

"பாக்குறது மட்டும் ஒரு வேலையா?"

"அதுதான் கஷ்டமான வேலை," என்றாள் கயோங். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவருக்குப் பின்னால்தான் புரிந்தது.

கோடை முழுக்க யோங்தேக் ஒழுங்காகவே இருந்தார். தரையைத் தேய்த்தார், குழாய்களைத் துடைத்தார், சன்னல் கண்ணாடியைப் பளபளவென்று வைத்தார். ஒவ்வொரு முறை இயந்திரம் தன்னைக் கழுவி முடித்ததும் உருளையின் தோளில் ரெண்டு தட்டுத் தட்டுவார். அது திரும்பிப் படுக்கவில்லையே தவிர, அழுத்தம் காட்டுகிற எண் இறங்கும். பழைய தொழிலில் கிடைத்த அதே நிறைவு கிடைத்தது. தீவுக்காரர்கள் அவரைத் 'தேய்ப்பு மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் பெண் எடுத்தவர் என்பதால் மாப்பிள்ளை, மற்றது கேலி. அவர் ரெண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்.

வேலை முடிந்து வந்தால் ஓக்ரேயின் நிலத்தில் களை எடுத்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வலைக்கொட்டகையை ஓக்ரே வாடகைக்குப் பிடித்து, ஊறல் தொட்டிகளும் அலசல் தொட்டிகளும் போட்டிருந்தாள். இலையுதிர்காலத்தில் கோஸ் உருண்டு திரண்டு நின்றது. மொக்போவிலிருந்தும் குவாங்ஜுவிலிருந்தும் பெட்டி கேட்டு ஆட்கள் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார்கள். ஆலையில் அவளோடு வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய மைத்துனிமார், தெரிந்தவர்கள். முதல் வருஷம் பேர் கெட்டால் ரெண்டாவது வருஷம் கிடையாது, மறுபடியும் ஐஸ் தண்ணீர்தான். இது ஓக்ரேக்கும் தெரியும், யோங்தேக்குக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பரில் குளிர் இறங்கியது. நிலையத்தின் கணினித் திரையில் அழுத்தம் காட்டும் எண் ஏற ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம்தான். யோங்தேக் உருளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். குட்டையைப் போய்ப் பார்த்தார், தண்ணீர் கோடையைவிடத் தெளிவாக இருந்தது. அப்படியானால் அழுக்கு உள்ளே எங்கேயோ பழைய அழுக்காகப் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார். மேலுக்குச் சுத்தமாக இருந்து, ஊறினபிறகு கையோடு உருண்டு வருகிற ஆட்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். கை அரித்தது. முக்கால் மணி என்று இருந்ததை அரைமணி ஆக்கினார். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் எண் துளியூண்டு இறங்கும், உடனே பழைய இடத்துக்கு ஏறிவிடும். அரைமணியைக் கால்மணி ஆக்கினார். வாரத்துக்கு ஒன்றாக இருந்த பிளீச்சிங் ஊறலைத் தினம் ஒன்று என்று வைத்தார். அப்படியும் எண் அசையவில்லை. இதைவிட அழுத்தமான அழுக்கைத் தேய்த்தவன் நான் என்று அவருக்கு வீம்பு வந்துவிட்டது.

குவாங்ஜுவில் இருக்கிற கயோங்குக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அழுக்கு விஷயத்தில் ஒருத்தியிடம் போய்க் கேட்பதா என்கிற நினைப்புதான். ஊரில் யாரும் கவனிக்கவும் இல்லை. சுற்றுலாக்காரர்கள் போய்விட்ட நேரம், தண்ணீர்ச் செலவு குறைவு. வடித்த தண்ணீரைச் சேர்த்துவைக்கிற ஊர்த் தொட்டி எப்போதும்போல நிரம்பியே இருந்தது.

பிறகு கிம்ஜாங் வந்தது. குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியை ஊரே சேர்ந்து போடுகிற நாட்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் சனி ஞாயிறுக்குத்தான் வர முடியும், ஆகவே எல்லா வீடும் ஒரே வெள்ளிக்கிழமை கோஸைப் பிளந்து உப்பில் போடும், ஒரே சனிக்கிழமை காலையில் அலசும். எந்த வாரம் என்பதை மகளிர் சங்கத் தலைவி குக் மல்சூன் அறிவிப்பாள். அவள் அறிவித்த வாரத்தில்தான் ஓக்ரேயும் தன் கோஸை எல்லாம் உப்பில் இறக்கியிருந்தாள். சனிக்கிழமை அலசி, பெட்டியில் அடுக்கி, மாலைக் கப்பலில் ஏற்றினால் ஞாயிறு காலையில் நகரத்து வீடுகளில் இருக்கும். உப்பில் ஊறிய கோஸ் காத்திருக்காது. நேரத்துக்கு அலசாவிட்டால் துவண்டு கந்தலாகிவிடும், உப்பும் நடுத்தண்டுவரை இறங்கிவிடும்.

சனிக்கிழமை காலை தீவு முழுக்கக் குழாய்கள் திறந்தன. யோங்தேக் திரையில் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது. இறங்கும் என்று அவருக்கும் தெரியும், ஆனால் இவ்வளவு வேகமாக இறங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அழுத்தமோ உச்சியில் நின்றது. வடிகட்டி அடைத்துக்கொண்டதால்தான் தண்ணீர் வரத்து போதவில்லை என்று நினைத்து, பிடிவாதமாக இன்னும் ஒரு கழுவல் கொடுத்தார். மட்டம் மேலும் இறங்கியது. இன்னொன்று கொடுத்தார்.

கதவை யாரோ எட்டி உதைத்துத் திறந்தார்கள். மல்சூன் நின்றாள். முழங்கைவரை சிவப்பு ரப்பர் கையுறை, அதிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் தேய்த்துவைத்த தரையில் சொட்டியது.

"மாப்ளே, மேட்டுத் தெருவுல குழாய் காத்து விடுது. என் மருமவ காலியான அண்டாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

"வடிகட்டி அடைச்சிருக்கு பெரியம்மா. கழுவிக்கிட்டே இருக்கேன். சரியாயிரும்."

"அதான் பாத்தேன். பின்னால வாய்க்கால்ல தண்ணி திமுதிமுன்னு ஓடுது. கண்ணாடி மாதிரி இருக்கு. அது யாரு தண்ணி?"

"அது கழுவின தண்ணி."

"எதை வச்சுக் கழுவின?"

யோங்தேக் பின்பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கோஸு அலச வேண்டிய தண்ணியில உன் மெஷின குளிப்பாட்டிக்கிட்டு இருக்கியா? மொக்போவுல ஆளுக்கு ஒரு தடவைதானே தேய்ச்ச? இதுக்கு மட்டும் என்ன, நாள் பூரா?"

அவள் போன பிறகு அவர் பின்பக்கம் போய் வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீரில் அழுக்கே இல்லை. கையில் அள்ளிப் பார்த்தார், குடிக்கலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் கயோங்குக்குப் போன் போட்டார். அவள் அங்கிருந்தே தன் கணினியில் எண்களைப் பார்த்தாள்.

"ஐயா, தண்ணி எவ்வளவு குளிரா இருக்குன்னு பாத்தீங்களா?"

"கை வச்சா கடிக்குது."

"அரிசிப் பாகு குளிர்ல இறுகுதுல்ல. தண்ணியும் கொஞ்சம் அப்படித்தான். சவ்வுக்குள்ள புகுறதுக்கு அதிகமாத் தள்ளணும். அதனால பிரஷர் ஏறும். அழுக்கு இல்ல. நீங்க எவ்வளவு கழுவுனாலும் குளிர் போகாது."

யோங்தேக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உருளைகளைப் பார்த்தார்.

"வெளியே பனியில நின்னுட்டு நடுங்கிக்கிட்டு ஒருத்தன் வர்றான். தோலு இறுகிக் கிடக்கு. உடனே பலகையில போட்டுத் தேய்ப்பீங்களா?"

"மாட்டேன். தோலு கிழிஞ்சிரும்."

"இங்கயும் கிழியும். இன்னும் கிழியல, நல்ல காலம். ஒவ்வொரு கழுவலுக்கும் வடிகட்டுறது நிக்குது, வடிச்ச தண்ணியும் போகுது. நீங்க வடிக்கிறதுல மூணுல ஒரு பங்கு வாய்க்காலுக்குத்தான் போயிருக்கு. குட்டைத் தண்ணி இப்பத் தெளிவா இருக்கு, இன்னைக்கு ஒரு மணிக்கு ஒரு தடவை கழுவுனா ஏராளம். பிளீச்சிங் வேணாம். பிரஷர் திரையில இருக்கிற சிவப்புக் கோட்டைத் தாண்டாத வரைக்கும் கை வைக்காதீங்க. எனக்காக அந்த நாற்காலியில உக்காருங்க."

அவர் அளவை மாற்றிவிட்டு உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் தோள் நொந்தது உண்டு, முட்டி நொந்தது உண்டு, இப்படி ஒரு அவஸ்தை அவர் பட்டது கிடையாது. கண்ணுக்கு முன்னால் அழுத்தம் உச்சியில் நிற்கிறது, கழுவல் பொத்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. பிரசவ அறைக்கு வெளியே உட்காரவைத்த புருஷன் மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தார். தொட்டி மட்டம் இறங்குவது மெதுவானது. ஒரு கட்டத்தில் நின்றது. மத்தியானத்துக்கு முன்பே ஏறத் தொடங்கியது. மேட்டுத் தெருவிலிருந்து மல்சூனின் மருமகள் போன் செய்து, தண்ணீர் வந்துவிட்டது என்றாள். சொன்னபடி கேட்டதும் பலன் எவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டது என்று யோங்தேக்குக்கே ஆச்சரியம். வெட்கம் பாதி, சந்தோஷம் பாதியாக, சாயங்காலம் படகுத்துறைப் பக்கம் இறங்கிப் போனார்.

கப்பல் போய்விட்டிருந்தது. கொட்டகையில் ஓக்ரே கவிழ்த்துப்போட்ட தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் மடிக்காத காலி அட்டைப்பெட்டிகள் கட்டாகக் கிடந்தன. பாதித் தொட்டிகளில் கோஸ் இன்னும் உப்புத் தண்ணீரிலேயே மிதந்தது, நனைந்த துணி மாதிரி.

"ஏன் அலசல?" என்று கேட்டார்.

"காலையிலயே குழாய மூடிட்டேன்."

"உனக்குத்தான் தண்ணி நல்லா வந்திருக்குமே. இது பள்ளம்."

"அதனாலதான் மூடுனேன். நான் தொறந்து வச்சிருந்தா மேட்டுக்கு எங்கேருந்து ஏறும்?" அவள் கையுறையைக் கழற்றிப் பிழிந்தாள். "மேல எல்லாரும் வெறும் அண்டாவோட நிக்கிறாங்க. இங்க தண்ணிக்காரன் பொண்டாட்டி வீட்டுக் குழாய் மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. போறவங்க வர்றவங்க எட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. மத்தியானம் மறுபடி தொறந்தேன். கடைசியா உப்புல போட்ட பாதி தப்பிச்சு, பெட்டியில போயிருச்சு. இது தப்பிக்கல."

தொட்டி மட்டம் நின்றது எதனால் என்று யோங்தேக்குக்கு இப்போதுதான் தெரிந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததில் ஒரு பங்கு, இவள் குழாயை மூடியதில் ஒரு பங்கு. அன்று காலையில் மட்டும் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கையில் இருந்திருந்தாலே இந்தத் தொட்டிகளைப் பல தடவை அலசியிருக்கலாம். மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அழுக்கே இல்லடி," என்றார். "அழுக்கே இல்லாததப் போட்டு மூணு வாரமாத் தேய்ச்சிருக்கேன்."

"சோத்துப் பானை மாதிரியா?"

"ஆமா."

ஓக்ரே எழுந்து போய் ஒரு கோஸைத் தூக்கி இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள். முகம் சுளித்தாள். அலசி, அழகாக அடுக்கி, அடுத்த கப்பலில் அனுப்பினால் வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறக்கும்வரை தெரியாது. அவள் அதைச் செய்யவில்லை. பெட்டி போகாத வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, இந்த வருஷம் என்னால் தர முடியவில்லை, வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். காரணம் கேட்டவர்களிடம் தண்ணீர் பற்றவில்லை என்றாள். யாரால் பற்றவில்லை என்று சொல்லவில்லை. யோங்தேக் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். நகர்ந்து போக அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மல்சூன் நாலைந்து பெண்களோடு கொட்டகைக்கு வந்தாள். மிளகாய்ப்பொடியும் பூண்டும் மீன் சாறும் அவரவர் வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்திருந்தார்கள். துவண்ட கோஸைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினார்கள். மல்சூன் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கடலையே கடிச்ச மாதிரி இருக்கு," என்றாள். பிறகு யோங்தேக்கைப் பார்த்து, "மாப்ளே, இத நீதான் திங்கணும். ஒரு இல தூக்கிப் போடக் கூடாது," என்றாள். அவர் தலையாட்டினார். கோஸின் ஒவ்வொரு மடலுக்கும் நடுவில் மசாலா தடவுகிற வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். மெதுவாகத் தடவ வேண்டும், தேய்க்கக் கூடாது என்று ஓக்ரே ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னாள். தண்ணீர் வந்த வீட்டுக்காரர்கள் சிலர் தங்கள் வயலில் மிஞ்சிய கோஸை அடுத்த வாரம் அவளிடம் கொடுத்தார்கள், அதில் கொஞ்சம் பெட்டி போனது. முழுக்கணக்கு தேறவில்லை. ஆனாலும் வசந்தத்தில் அவள் விதை வாங்கினாள்.

அதற்கு முன்னால் ஒரு முழுக் குளிர்காலம் இருந்தது. அந்த உப்புக் கிம்ச்சியைத்தான் அந்த வீட்டில் தினமும் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியில் அதைத்தான் யோங்தேக் நிலையத்துக்கு எடுத்துப் போனார். குட்டையின் ஓரம் உறைகிற நாட்களில் திரையில் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். கை பொத்தானுக்குப் போகும். அப்போது பெட்டியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு சுருங்கும், கண்ணில் தண்ணீர் வரும். சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு மணிக்கு ஒரு தடவை இயந்திரம் தானே கழுவிக்கொள்ளும். அப்போது மட்டும் எழுந்து போய் உருளையின் தோளில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவார்.

சாப்பாட்டுப் பெட்டி சில நாள் கனமாகவும் சில நாள் லேசாகவும் இருப்பதை அவர் ஜனவரியில்தான் கவனித்தார். ஒருநாள் விடிந்ததும் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். ஓக்ரே சன்னலைத் திறந்து வெளியே தொங்குகிற வெப்பமானியைப் பார்த்தாள். பாதரசம் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. சன்னலை மூடிவிட்டு, ஜாடியைத் திறந்து, அவருடைய பெட்டியில் இன்னும் ரெண்டு துண்டு கிம்ச்சியை எடுத்து வைத்தாள்.